தேசிய வலுசக்திக் கொள்கையை வாசித்துக் கருத்துச் சமர்ப்பிப்பது எப்படி: திருகோணமலை வாசகருக்கு ஒரு வழிகாட்டி

மின்கட்டணம் திருத்தப்படுவதற்கு முன்னரும், பெரிய மின்னுற்பத்தித் திட்டம் ஒன்றுக்குச் சுற்றாடல் அனுமதி வழங்கப்படுவதற்கு முன்னரும் பொதுமக்கள் தமது கருத்தைத் தெரிவிப்பதற்கு இலங்கையின் சட்டம் இடமளிக்கிறது. திருகோணமலையில் இந்த வாய்ப்பைப் பயன்படுத்துவோர் குறைவு. எந்த ஆவணத்தை எடுப்பது, அதில் எதைத் தேடுவது, தேடியதை எப்படி எழுதுவது என்பதை யாரும் சொல்லித் தராததே அதற்குப் பெரிய காரணம் என நினைக்கிறேன். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம் போன்றவற்றின் பொறுப்பாளர்களையும், இத்துறையில் ஆர்வமுள்ள உயர்தர மாணவர்களையும் மனத்தில் வைத்து இக்குறிப்பை எழுதுகிறேன்.

இந்த மாவட்டத்தவருக்கு இது தூரத்து விவகாரமும் அல்ல. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள், சம்பூரில் அமைக்கப்படவிருந்து 2016இல் கைவிடப்பட்ட 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம், அதே சம்பூரில் 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்ட சூரிய மின்நிலையம் என நாட்டின் வலுசக்தி விவாதம் திரும்பத் திரும்ப இந்தத் துறைமுகத்தைச் சுற்றியே நடந்துவருகிறது.

எந்த ஆவணத்தில் தொடங்குவது

மூன்று வகை ஆவணங்கள் உள்ளன. முதலாவது, 2019இல் வர்த்தமானியில் வெளியான தேசிய வலுசக்திக் கொள்கையும் உபாயங்களும். இரண்டாவது, அடுத்த இருபது ஆண்டுகளில் எந்த மின்நிலையம் எந்த ஆண்டில் வர வேண்டும் என்று கணக்கிடும் நீண்டகால மின்னுற்பத்தி விரிவாக்கத் திட்டம். மூன்றாவது, மின்கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கருத்துக்கேட்புக்காக வெளியிடும் கட்டண முன்மொழிவு. இலங்கை மின்சார சபையின் பணிகளைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிப்பதற்கு 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் அதன் 2025ஆம் ஆண்டுத் திருத்தமும் வழிசெய்துள்ளமையால், ஆவணத்தின் முகப்பில் இருக்கும் நிறுவனத்தின் பெயர் மாறக்கூடும். வாசிக்கும் முறை மாறாது.

கட்டண முன்மொழிவிலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். கொள்கை ஆவணத்தில் தூண்கள் என்ற பெயரில் பத்து நோக்கங்கள் உண்டு. வழங்கல் பாதுகாப்பு, நியாயமான செலவு, சுற்றாடல், புதுப்பிக்கத்தக்க மூலங்களின் பங்கை உயர்த்தல் எல்லாமே அங்கு ஒன்றோடொன்று முரண்படாமல் வரிசையாக நிற்கின்றன. அவை மோதிக்கொள்ளும் இடம் பணக் கணக்கு. அந்தக் கணக்கு கட்டண முன்மொழிவில்தான் இருக்கிறது. கொள்கையைப் பின்னர் வாசித்தால், எந்தத் தூணுக்காக எந்தத் தூண் விட்டுக்கொடுக்கப்பட்டது என்பது தெரியவரும்.

முதற் பாடம் உங்கள் கையிலுள்ள மின்பட்டியல்

முன்மொழிவைத் திறக்கும் முன்னர், கடைசி ஆறு மாதங்களின் மின்பட்டியல்களை மேசையில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் பாவித்த அலகுகள், பட்டியல் எத்தனை நாட்களுக்கு உரியது, நிலையான கட்டணம், அலகுக் கட்டணம், வரி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் பார்ப்பவர் நாலு நாள் பிந்தி வந்தால் அலகுகள் கூடும். அதற்கேற்ப அலகுப் படிகளும், அதாவது விலை மாறும் அலகு எல்லைகளும், விரிவடைய வேண்டும். அவ்வாறு செய்யப்பட்டிருக்கிறதா என்பதை நாட்களின் எண்ணிக்கையைக் கொண்டே சரிபார்க்கலாம்.

வீட்டுப் பாவனைக்கான கட்டணத்தில் 60 அலகு என்பது ஒரு முக்கியமான எல்லை. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 அலகுக்கு ஒரு விலையும் அடுத்த 30 அலகுக்கு இன்னொரு விலையும் அறவிடப்படும், இரண்டும் மலிவானவை. 61ஆவது அலகைத் தொட்டதும், அந்த ஓர் அலகு மட்டும் கூடிய விலைக்குப் போவதில்லை. முதல் 60 அலகும் வேறொரு கூடிய விலையில் மீண்டும் கணக்கிடப்படுவதுடன், நிலையான கட்டணமும் அடுத்த படிக்குத் தாவுகிறது. கட்டண அட்டவணையை எடுத்து 60 அலகுக்கும் 61 அலகுக்கும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி ஒரு குடும்பத்தை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது அந்த இரு தொகைகளில் தெரியும். “சராசரியாக இத்தனை சதவீதம் உயர்வு” என்ற செய்தித் தலைப்பு இந்த எல்லையில் நிற்கும் குடும்பத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

அண்மைய கட்டண வரலாற்றையும் ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் உயர்ந்தது. பின்னர் 2024 மார்ச்சில் 21.9 சதவீதமும், ஜூலையில் 22.5 சதவீதமும், 2025 ஜனவரியில் 20 சதவீதமும் குறைந்தது. அதே 2025 ஜூனில் 15 சதவீதம் மீண்டும் ஏறியது. சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் தொடங்கிய கடன் ஏற்பாட்டின்படி கட்டணம் செலவை ஈடுசெய்ய வேண்டும். ஆகவே ஒரு காலாண்டில் செலவுக்குக் கீழே இறக்கிய விலை அடுத்த திருத்தத்தில் திரும்பி வந்துவிடுகிறது. கட்டணத்தைக் குறைக்குமாறு மட்டும் கேட்டு எழுதுபவர், அந்தக் குறைப்புக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் இரண்டு வரி எழுத வேண்டியது இதனால்தான்.

மின்சாரத்தோடு கணக்கு முடிந்துவிடுவதுமில்லை. திருகோணமலைக் கரையில் சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்ந்தபோது கடலுக்குப் போகாமல் நின்ற படகுகளை இங்குள்ளவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

எத்தனை மெகாவாட் என்பதற்கு முன் எந்த நேரம் என்று கேளுங்கள்

திட்ட அறிவிப்புகள் எல்லாம் மெகாவாட்டில் பேசும். அந்த எண் ஓர் இயந்திரத்தின் உச்ச வலுவை மட்டுமே சொல்கிறது. மின்சாரம் எப்போது வரும் என்பதைச் சொல்வதில்லை. ஒரு திட்டத்தை மதிப்பிடும்போது நீங்கள் கேட்கும் முதற் கேள்வி நேரம் பற்றியதாக இருக்கட்டும். மற்றைய கேள்விகள் பலவற்றுக்கு அதிலிருந்தே விடை கிடைத்துவிடும்.

சம்பூர் சூரிய மின்நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். முதற் கட்டம் 50 மெகாவாட். இரண்டாம் கட்டத்துடன் சேர்த்து 120 மெகாவாட். சூரியத் தகடுகள் இரவில் உறங்குவதையும் முகிலில் தளர்வதையும் கணக்கில் எடுத்தால், உலர் வலயத்தில் நாள் முழுவதற்குமான சராசரி உச்ச வலுவின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 50 மெகாவாட்டுக்கு அது நாளொன்றுக்கு உத்தேசமாக 2 இலட்சம் அலகு. மாதம் 60 அலகு, அதாவது நாளுக்கு 2 அலகு பாவிக்கும் ஒரு இலட்சம் வீடுகளுக்குக் கணக்களவில் அது போதும். ஆனால் அந்த வீடுகளில் மின்விளக்கும் தொலைக்காட்சியும் மின்விசிறியும் சேர்ந்து ஓடுவது மாலையில். கட்டண அட்டவணைகளே மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையை உச்ச நேரம் என வகுத்துள்ளன. அந்த 2 இலட்சம் அலகையும் அந்த நான்கு மணி நேரத்துக்கு நகர்த்த வேண்டுமானால் 200 மெகாவாட் மணி (ஒரு மெகாவாட் மணி என்பது 1,000 அலகு) கொள்ளளவுள்ள மின்கலத் தொகுதி வேண்டும். சேமிப்பு இல்லாவிட்டால் மாலைத் தேவைக்கு நீர்மின்சாரமோ நிலக்கரியோ டீசலோ தொடர்ந்தும் வேண்டியிருக்கும். இதனாற் சூரிய மின்சாரத்தின் பெறுமதி குறைந்துவிடாது. பகலில் எரியாமல் மிஞ்சும் எரிபொருளும், நீர்த்தேக்கத்தில் மிஞ்சும் நீரும் உண்மையான இலாபங்கள். அந்த இலாபத்தின் அளவைத் திட்ட ஆவணம் மணி வாரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

நேரக் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விலையை 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் கண்டது. ஞாயிற்றுக்கிழமை, முற்பகல், அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் மூடியிருந்தமையால் தேவை குறைவு, கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் மிக அதிகம். பாணந்துறை துணைமின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறு நாட்டையே இருளாக்கியது. குரங்கொன்றே காரணம் என்ற செய்தி உலகம் முழுவதும் சிரிப்பாகப் பரவியது. சிரிப்புக்குப் பின்னால் இருந்த விடயம் வேறு: நீர், அனல் மின்நிலையங்களின் கனத்த சுழலிகள் சுற்றிக்கொண்டிருந்தால் அவற்றின் சுழல்வேகமே திடீர் இழப்பைச் சில நொடிகள் தாங்கி, மின்னோட்ட அதிர்வெண்ணை 50 ஹேர்ட்ஸ் அருகே பிடித்துவைக்கும். சூரியத் தகடுகளில் சுழலி இல்லை; ஆகவே அன்று சுற்றிய சுழலிகள் சொற்பம். கரைவலை இழுக்கும்போது முப்பது பேரில் ஒருவர் கயிற்றை விட்டால் வலை தளராது. ஆறு பேர் இழுக்கையில் ஒருவர் விட்டால் மற்றவர்கள் மணலில் விழுவார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களிடம் கேட்க வேண்டியும் வந்தது.

ஆகவே, 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது என்ற அரசின் இலக்கை நீங்கள் ஆதரிப்பவராயின், மின்கலச் சேமிப்பையும் மகா ஓயாவில் திட்டமிடப்பட்டுள்ள 600 மெகாவாட் நீரேற்றுச் சேமிப்பையும் (மிகை மின்சாரத்தால் நீரை மேலேற்றி, தேவைப்படும்போது கீழிறக்கி மின்சாரம் பெறும் முறை) பற்றி எழுதாமல் அந்த ஆதரவு முழுமையடையாது. மின்கடத்தும் பாதையும் அப்படியே. சம்பூரிலிருந்து கப்பல்துறைக்கும் அங்கிருந்து புதிய ஹபரணைக்கும் 220 கிலோவோல்ட் வழி தேவைப்படுவது, தகடுகளைப் பதிப்பதோடு வேலை முடிவதில்லை என்பதற்குச் சான்று.

தாங்கி வேறு, அதிலுள்ள எண்ணெய் வேறு

வழங்கல் பாதுகாப்பு என்ற சொற்றொடரை ஆவணத்தில் காணும்போதெல்லாம், எந்தத் தடைக்கு எதிரான பாதுகாப்பு என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். மழை பொய்ப்பதா, கப்பல் பிந்துவதா, டொலர் இல்லாமற் போவதா, இயந்திரம் பழுதடைவதா? ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு உதவாது.

சீனக்குடாத் தாங்கிகள் இதற்குத் தக்க உதாரணம். பிரித்தானியர் அமைத்த அந்தத் தொகுதியில் 99 தாங்கிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 2022 ஜனவரியில் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐஓசி நிறுவனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் உரியவை. கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 சதவீதம். அந்த உடன்படிக்கை கையெழுத்தாகிச் சில மாதங்களுக்குள் நாடெங்கும் எரிபொருள் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டன. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரத்தைத் தொட்டது. தாங்கிகளுக்கு அப்போது பஞ்சமில்லை, டொலருக்குத்தான் பஞ்சம். தாங்கிகளைப் புனரமைக்கும் திட்டம் எதுவாயினும், எத்தனை நாள் தேவைக்கான எண்ணெய் எப்போதும் இருப்பில் வைக்கப்படும், அதை வாங்கும் பணத்தை யார் முடக்குவார், நெருக்கடி வேளையில் அதை முதலில் எடுக்கும் உரிமை யாருக்கு என்ற மூன்றையும் கேளுங்கள். சேமிப்பிடத்தை வாடகைக்கு விட்டு வருமானம் பெறுவதும் நாட்டின் அவசர இருப்பும் ஒன்றல்ல.

நுரைச்சோலையில் தடையின் வகை வேறு. 900 மெகாவாட் கொண்ட அந்த நிலக்கரி மின்நிலையம் மேற்குக் கரையில் இருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நிலக்கரிக் கப்பலிலிருந்து சரக்கை இறக்க முடியாது. ஆண்டுத் தேவை முழுவதையும் கடல் அமைதியாக இருக்கும் பருவத்திலேயே கொண்டுவந்து குவிக்க வேண்டும். சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைப்பதற்குச் சார்பாக ஆழமான துறைமுகத்தைக் காட்டியவர்களின் வாதத்தில் இந்த வகையில் நியாயம் இருந்தது. கொட்டியாரக் குடாவின் மீன்வளத்துக்கும் காற்றுக்கும் என்ன நேரும் என்று கேட்டவர்களின் வாதத்திலும் நியாயம் இருந்தது. இரண்டையும் ஒரே தாளில் எழுதி எடைபோடுவதே கொள்கை வாசிப்பு.

நீர்மின்சாரத்தைப் பற்றி இங்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. விக்டோரியாவிலும் ரந்தெனிகலவிலும் சுழலியைச் சுற்றிவிட்டு வரும் மகாவலி நீர்தான் வெருகல் வழியாக அல்லைக் குடியேற்றத்தின் வயல்களுக்கும் பாய்கிறது. மாலை மின்சாரத்துக்காக நீரைத் தேக்குவதா, விதைப்புக்காகத் திறப்பதா என்ற முடிவு ஈச்சிலம்பற்று விவசாயியின் வயலையும் தொடும். ஆகவே கமக்காரர் அமைப்புகள் மின்னுற்பத்தித் திட்டத்தில் தமக்கென்ன வேலை என்று ஒதுங்கிவிடக் கூடாது.

விலை எந்த நாணயத்தில் எழுதப்பட்டிருக்கிறது

மன்னார், பூநகரி காற்றாலைகளுக்காக 2024இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட விலை அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம். அத்திட்டத்தின் முதலீட்டாளரான இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. ஆயினும் கணக்குப் பழக அந்த எண் உதவும். டொலர் 200 ரூபாவாக இருந்தபோது அது 16 ரூபா 52 சதம். 300 ரூபா என்றால் 24 ரூபா 78 சதம். 2022 நடுப்பகுதியில் இருந்ததுபோல 360 ரூபா என்றால் 29 ரூபா 74 சதம். காற்று நம்முடையது, இறக்குமதி இல்லை என்று மகிழும்போதே, விலை டொலரில் கட்டப்பட்டிருந்தால் ரூபாவின் சரிவு மின்பட்டியலுக்கு வந்து சேரும். ஒப்பந்தக் காலம் எத்தனை ஆண்டு, மாற்று விகித இழப்பை யார் ஏற்பது, மின்சாரம் தேவைப்படாத வேளையில் உற்பத்தியை நிறுத்தச் சொன்னால் அதற்கும் பணம் கொடுக்க வேண்டுமா ஆகியவை அடுத்த கேள்விகள். போட்டி விலைமனு கோரப்பட்டதா என்பதை இவற்றுக்கும் முன்னால் கேட்கலாம்.

காணி

2019ஆம் ஆண்டுக் கொள்கையின் பத்துத் தூண்களில் ஒன்று, எதிர்கால வலுசக்தி உட்கட்டமைப்புக்கான காணியை உறுதிப்படுத்தல். கொழும்பில் அது ஒரு நிர்வாக வாசகம். 2006இல் இடம்பெயர்ந்து ஆண்டுக்கணக்கில் முகாம்களில் இருந்துவிட்டுத் திரும்பிய சம்பூர் மக்களுக்கு அதன் கனம் வேறு. சூரிய மின்சாரத்துக்குப் புகை இல்லை, ஆனால் பரப்பு வேண்டும். ஒரு மெகாவாட்டுக்குப் பல ஏக்கர் போகும். மேய்ச்சல் நிலம், குளத்துக்கு நீர் வரும் வழி, கோயிலுக்கும் கரைக்கும் போகும் பாதை ஆகியவற்றை ஊர் வரைபடத்தில் குறித்துச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையுடன் ஒப்பிடுங்கள். அறிக்கை பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பதாக அறிவித்தல் வெளிவந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கருத்து அனுப்ப வேண்டும். அந்தத் திகதியை அன்றைக்கே குறித்துக்கொள்வது நல்லது.

கருத்தை எழுதும் முறை

தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. சங்கத்தின் பெயரில் எழுதினால் எத்தனை உறுப்பினர், எந்த வகை மின்னிணைப்பு என்பதை முதல் பந்தியிலேயே சொல்லுங்கள். “மக்கள் ஏற்கெனவே கஷ்டப்படுகிறார்கள், ஆகவே கட்டணத்தைக் குறைக்கவும்” என்ற வாசகம் உண்மையானதுதான். ஆனால் ஆணைக்குழுவின் அலுவலருக்கு அதை வைத்துச் செய்ய எதுவுமில்லை. அதே குறையைப் பின்வருமாறு எழுதிப் பாருங்கள்:

“எமது சங்கத்தின் உறுப்பினர்கள் மீனைப் பழுதாகாமல் வைப்பதற்கு நாளாந்தம் ஐஸ் வாங்குகின்றனர். ஐஸ் உற்பத்திச் செலவில் மின்சாரமே பெரும்பங்கு. முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை சூரிய மின்சாரம் மிகையாக இருப்பதாக முன்மொழிவே கூறுகிறது. அந்த நேரத்தில் உறையவைக்கும் ஐஸ் ஆலைகளுக்குக் குறைந்த விலை ஒன்றை அறிமுகப்படுத்தினால், மிகை மின்சாரத்துக்குப் பாவனை கிடைக்கும்; மாலை உச்சத் தேவையும் குறையும். இத்தகைய பகல்நேர விலையை ஆராயுமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

இதில் குறை, ஆதாரம், பரிகாரம் மூன்றும் இருக்கின்றன. பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. நிலாவெளி, குச்சவெளி வெங்காயச் செய்கையாளர் தம் கிணற்று நீரிறைப்பியை வைத்து இதே வாதத்தை எழுதலாம். முன்மொழிவிலுள்ள எண்ணை எடுத்தாளும்போது பக்க எண்ணையும் குறிப்பிடுங்கள். ஆணைக்குழு நடத்தும் வாய்மூலக் கருத்துக்கேட்பு அமர்வுக்குப் போகிறவர் எழுதியதை முழுவதும் வாசிக்க வேண்டாம். கொடுக்கும் சில நிமிடங்களில் கோரிக்கையை முதலிலும் காரணத்தைப் பின்னரும் சொல்வதே பயன்தரும்.

இவ்வாறு எழுதுவதால் ஏதும் நடக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. 2025இன் முதல் அரையாண்டுக்குக் கட்டணத்தை மாற்றாமல் வைக்க மின்சார சபை முன்மொழிந்தபோது, கருத்துக்கேட்பின் பின்னர் ஆணைக்குழு 20 சதவீதம் குறைத்தது. ஜூனில் கேட்கப்பட்ட 18.3 சதவீத உயர்வு 15 சதவீதமானது. கருத்துகளால் மட்டுமே இவை நடந்தன என்று சொல்ல மாட்டேன். முன்மொழியப்பட்டது அப்படியே முடிவாகிவிடுவதில்லை என்பதற்கு இவை போதும்.

அனுப்பியதன் பிரதியையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும், மின்னஞ்சலாயின் கிடைத்த பதிலையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஆணைக்குழு தன் தீர்மானத்தைக் காரணங்களுடன் வெளியிடும். உங்கள் கோரிக்கைக்கு அதில் இடம் கிடைத்ததா என்று தேடிப் பாருங்கள். தேவையான தரவு எதுவும், உதாரணமாக மணி வாரியான உற்பத்தியோ ஒப்பந்தத்தின் மாற்று விகித ஏற்பாடோ, வெளியிடப்படாதிருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின்னர் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தில் ஒரு விடயத்தை மட்டும், திகதியும் ஆவணத்தின் பெயரும் சேர்த்துக் கேளுங்கள். பத்து விடயங்களை ஒன்றாகக் கேட்ட விண்ணப்பம் பெரும்பாலும் பத்துக்கும் பதிலின்றித் திரும்பும்.